லாப்லாந்தில் குளிர்காலக் கார்ப் பயணம்: சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் நண்பர்கள் கேட்கும் கேள்விகள்

பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்துக்கு நண்பர்களோடு காரெடுத்துப் போய்வந்தவன் என்பது தெரிந்துவிட்டால் போதும், வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். குழுவாகச் சேர்ந்து, தாங்களே ஓட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கானது இது. சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

பனிதானே பார்க்கணும்? ஜப்பானின் ஹொக்கைடோ பக்கத்திலேயே இருக்கிறதே?

நியாயமான கேள்வி. ஒரு வாரம்தான் லீவு என்றால் ஹொக்கைடோவுக்கே போங்கள். விமான நேரம் குறைவு, நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், சாப்பாடும் சுலபம்.

லாப்லாந்துக்குப் போவது வெறுமைக்காக. இனாரி என்ற ஒரு நகராட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவு 17,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மக்கள் சுமார் ஏழாயிரம் பேர். நம் தீவு முழுவதும் சேர்த்தே 735 சதுர கிலோமீட்டர்தான். அங்கே உள்ள இனாரி ஏரி மட்டுமே ஆயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும், அதாவது சிங்கப்பூரைத் தூக்கி உள்ளே போட்டாலும் சுற்றிலும் தண்ணீர் மிச்சம் இருக்கும். குளிர்காலத்தில் அந்த ஏரி முழுக்க உறைந்து, மேலே பனி மூடி, எது கரை எது ஏரி என்றே தெரியாது. இதைப் பார்க்க ஆசை இல்லையென்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகலாமா?

எல்லாரும் அப்போதுதான் கிளம்புகிறார்கள். விலையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், இருட்டும் அப்போதுதான் அதிகம். டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம்வரை இனாரிப் பக்கம் சூரியன் உதிப்பதே இல்லை. இந்தக் காலத்தை அங்கே காமோஸ் என்கிறார்கள். முழு இருட்டு என்று நினைக்க வேண்டாம். நண்பகலை ஒட்டிச் சில மணி நேரம் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு வெளிச்சம் இருக்கும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சில மணி நேரம் போக மற்றதெல்லாம் இருட்டில் ஓட்ட வேண்டும். தெற்கே ரோவனியேமியில்கூட டிசம்பர் 21 வாக்கில் பகல் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் மார்ச். நம் பள்ளிகளுக்கும் மார்ச் நடுவில் ஒரு வாரம் விடுமுறை வருகிறது. பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் இருக்கும். லாப்லாந்தில் பனி மிக ஆழமாகக் கிடப்பதும் பெரும்பாலும் மார்ச் கடைசியில்தான். இரவில் துருவ ஒளி பார்க்கப் போதுமான இருட்டும் உண்டு. பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு எல்லாம் முடிந்திருக்கும் என்பதால் வீட்டிலும் முணுமுணுப்பு குறைவு. கிறிஸ்துமஸ் தாத்தாவை டிசம்பரில்தான் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் மட்டும் டிசம்பர். அவர் ரோவனியேமிக்கு வடக்கே ஆர்க்டிக் வட்டத்தின் மேலேயே ஒரு கிராமம் அமைத்துக்கொண்டு வருஷம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள்.

எந்த வழியாகப் போவது?

சிங்கப்பூரிலிருந்து ஹெல்சிங்கிக்கு ஃபின்ஏர் நேராகப் பறக்கிறது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பிறகு சுற்றிக்கொண்டு போவதால் 13, 14 மணி நேரம் ஆகிறது. அங்கிருந்து ரோவனியேமிக்கு உள்நாட்டு விமானம் உண்டு, இல்லாவிட்டால் இரவு ரயில். ரயிலில் படுக்கை அறை எடுத்தால் ஒரு ராத்திரி விடுதிச் செலவு மிச்சம்.

ரோவனியேமியில் காரை எடுத்து 4ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போவதுதான் முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்ற வழி. சோடன்கூலா சுமார் 130 கிலோமீட்டர், அங்கிருந்து சாரிசெல்கா இன்னொரு 130, அப்புறம் இவலோவைக் கடந்து இனாரி வரை ஒரு 70. மொத்தம் 330 கிலோமீட்டர் போல. பிரதான சாலை என்பதால் பனி அள்ளும் வண்டிகள் ஒழுங்காக வரும், வழியில் பெட்ரோலும் காப்பியும் கிடைக்கும்.

இனாரியிலிருந்து கித்திலா பக்கம் இறங்க 955ஆம் எண் சாலை ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிடலாம் என்று ஆசை வரும். அந்தச் சாலையில்தான் போக்கா என்ற குக்கிராமம் இருக்கிறது. பின்லாந்தில் இதுவரை பதிவான மிகக் கடுமையான குளிர் அங்கேதான்: 1999 ஜனவரி 28 அன்று மைனஸ் 51.5 டிகிரி. ஆள் நடமாட்டம் மிகக் குறைவான பாதை. நல்ல பகல் வெளிச்சம், தெளிவான வானிலை, நிறைந்த பெட்ரோல் டாங்க், பனியில் ஓட்டிப் பழகிய கை, இந்த நான்கும் இருந்தால் போகலாம். ஒன்று குறைந்தாலும் வந்த வழியே திரும்புங்கள். அதே சாலை எதிர்த் திசையில் வேறு மாதிரித்தான் தெரியும்.

ரோவனியேமியில் பழைய கட்டடங்கள் எங்கே என்று தேடுவார்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை ஊரையே எரித்துவிட்டது. பிறகு கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்தோ ரெயின்டீர் மானின் தலை வடிவில் புதிய வரைபடம் போட்டுக் கொடுத்தார். தரையில் நடக்கும்போது அது தெரியாது, வரைபடத்தில் பார்த்தால் தெரியும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நாம் இங்கிருந்து காலையில் கிளம்பிக் கோலாலம்பூரில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுப் பழகியவர்கள். 330 கிலோமீட்டர் என்றால் "ஒரே மூச்சில் போயிடலாம்" என்று கணக்குப் போடுவோம். கோடையில் அந்தக் கணக்கு சரி. பனிக்காலத்தில் ஒரு நாளுக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள். வேகம் குறைவு என்பது ஒரு காரணம். காலையில் காரைப் பனியிலிருந்து தோண்டி எடுக்கவே நேரம் பிடிக்கும் என்பது இன்னொன்று. எல்லாவற்றையும்விட, அவசரம் இருந்தால்தான் பனிச் சாலையில் தப்பு நடக்கும். இரவு எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் சாவி கிடைக்கும், அடுத்த நாள் காலை ஹஸ்கி நாய்வண்டிச் சவாரிக்குப் பணம் கட்டியாயிற்று, இப்படி ஒரு கெடு கழுத்தில் இருக்கும்போதுதான் 80இல் போக வேண்டிய இடத்தில் 100இல் போகத் தோன்றும்.

அதனால் திட்டத்தைத் தளர்வாகப் போடுங்கள். ஒரே இடத்தில் இரண்டு ராத்திரி, அப்புறம் அடுத்த இடம். மூன்று ஊருக்கு மேல் வேண்டாம். ரத்துசெய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விடுதிகளாகப் பார்த்து எடுங்கள், கொஞ்சம் கூடுதல் விலையாக இருந்தாலும் பரவாயில்லை. கிளம்பும் முன் ஃபின்டிராஃபிக் இணையத்தளத்தில் சாலையோரக் கேமராப் படங்களைப் பார்க்கலாம். போகப்போகும் சாலை இந்த நிமிஷம் எப்படி இருக்கிறது என்பது அதில் அப்படியே தெரியும். படம் வெள்ளையாக மட்டும் தெரிந்தால், இன்னொரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு உட்காருங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்வரை விசா இல்லாமல் இருக்கலாம். நிரந்தரவாசியாக இருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. குழுவில் இரண்டு வகையினரும் இருப்பது நம்மிடையே சகஜம், ஆகவே விசா தேவைப்படுகிறவரின் தேதி உறுதியான பிறகே மற்றவர்கள் டிக்கெட் போடுங்கள்.

ஓட்டுநர் உரிமத்தின் அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சிங்பாஸ் செயலியில் காட்டும் மின்னிலக்க உரிமம் இங்கே போலிஸுக்குப் போதும், அங்கே வாடகைக் கார்க் கவுன்ட்டரில் எடுபடாது. அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிங்கப்பூரில் வாங்கிக்கொள்ளுங்கள். எல்லா வாடகை நிறுவனமும் கேட்காது. ஆனால் கேட்கிற நிறுவனத்திடம் போய் மாட்டிக்கொண்டால் அங்கே வாங்க வழியில்லை. புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்குப் பல நிறுவனங்கள் கார் தராது.

நான் பனியில் ஓட்டியதே இல்லை. முடியுமா?

முடியும். ஆனால் முதல் நாள் காரை எடுத்தவுடன் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். காலியான ஒரு பெரிய வாகன நிறுத்துமிடத்தில் அரைமணி நேரம் மெதுவாகச் சுற்றுங்கள். 20, 30 வேகத்தில் போய் பிரேக்கை அழுத்திப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது மிதி கடகடவென்று காலடியில் துடிக்கும். பயந்து காலை எடுத்துவிடாமல் அழுத்தியே பிடிக்க வேண்டும். வண்டி எவ்வளவு தூரம் வழுக்கிக்கொண்டு போய் நிற்கிறது என்பதை உடம்பு ஒருமுறை உணர்ந்துவிட்டால், அப்புறம் யாரும் உங்களுக்கு இடைவெளி விடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வலப்பக்கம் ஓட்டுவது தனித் தலைவலி. அதிலும் பனி மூடிய சாலையில் நடுக்கோடு தெரியாது. பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும், எதிரே வண்டியே இல்லாத சிறு சாலையில் திரும்பும்போதும்தான் பழைய பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு திருப்பத்திலும் "ரைட், ரைட்" என்று சொல்லட்டும். எரிச்சலாக இருந்தாலும் வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்கு நம்பக் கடினம். மைனஸ் 20இல் இருக்கும் ஐஸைவிட, பூஜ்யத்தை ஒட்டி இருக்கும் ஐஸ்தான் மோசம். கடுங்குளிரில் பனி வறண்டு இறுகி டயருக்குப் பிடி கொடுக்கும். பூஜ்யத்துக்கு அருகே மேலே மெல்லிய நீர்ப்படலம் சேர்ந்து கண்ணாடியாக வழுக்கும். "இன்னிக்குக் குளிர் குறைஞ்சிருக்கு" என்று எல்லாரும் சந்தோஷப்படும் நாளில்தான் ஓட்டுபவர் கவலைப்பட வேண்டும்.

வேகம்: பல நெடுஞ்சாலைகளில் 100 என்ற வரம்பு குளிர்காலத்தில் 80 ஆகக் குறைக்கப்படும். வேகக் கேமராக்கள் உண்டு. வரம்பைவிட 20 கிலோமீட்டருக்கு மேல் அதிகமாகப் போனால் அபராதத்தை உங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் போடுவார்கள். நல்ல சம்பளம் வாங்கும் நண்பரை ஓட்ட விடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

எதிரே லாரி வந்தால் அது கிளப்பும் பனித்தூள் சில விநாடிகளுக்குக் கண்ணை முழுசாக மறைத்துவிடும். லாரி நெருங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நேராகப் பிடித்துக்கொண்டு போங்கள். பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த வேண்டாம். அதன் பின்னால் கிடைப்பதுதான் அந்த வட்டாரத்திலேயே நல்ல சாலை.

நான்கு சக்கர இயக்கம் உள்ள கார் தேவையா?

இருந்தால் நல்லது, கிளம்பவும் மேட்டில் ஏறவும் உதவும். நிற்பதற்கு அது துளியும் உதவாது, நிறுத்துவது டயர்தான். நவம்பர் முதல் மார்ச் வரை சாலையின் நிலை கேட்டால் குளிர்கால டயர் கட்டாயம் என்பது அங்கே சட்டம். லாப்லாந்தில் வாடகைக்கு எடுக்கும் கார்களில் பெரும்பாலும் சிறு ஆணிகள் பதித்த டயரே போட்டிருக்கும், ஆனாலும் பதிவு செய்யும்போது கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நான்கு பேர் என்றால் நீளமான வேகன் வகைக் காராகப் பாருங்கள். குளிர் உடுப்பு வைத்த பெட்டிகள் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது சாங்கியில் பெட்டி போடும்போதுதான் பலருக்கு உறைக்கிறது.

காருக்குள் ஒரு மின்கம்பி இருக்கிறதே, அது எதற்கு?

எஞ்சினைச் சூடாக்க. விடுதிகளிலும் குடில்களிலும் வாகன நிறுத்துமிடத்தில் குட்டையான கம்பங்கள் நிற்கும், அவற்றில் மின்செருகி இருக்கும். காரின் முன்பக்கத்தில் உள்ள துளையில் கம்பியின் ஒரு முனை, கம்பத்தில் மறுமுனை. கம்பத்தில் கடிகாரம் போல ஒன்று இருந்தால், கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் மின்சாரம் வருமாறு திருப்பி வையுங்கள். காலையில் கம்பியைக் கழற்றாமல் கிளம்பிவிடாதீர்கள். ஓட்டுகிறவர் சாவியைக் கையில் எடுக்கும் முன் இன்னொருவர் முன்பக்கம் போய்ப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

இத்தோடு இன்னும் சில. கடுங்குளிரில் கைப்பிரேக் போடாமல் கியரை நிறுத்தநிலையில் விடுங்கள், பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளலாம். கண்ணாடியில் வெந்நீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். சுரண்டியால் சுரண்டுங்கள், கூரையில் உள்ள பனியையும் தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் பிரேக்கில் அது முழுவதும் முன்கண்ணாடிக்கு வரும். அப்புறம், இங்கே ஏர்கானை உள்காற்றுச் சுழற்சியில் போட்டே ஓட்டிப் பழகியிருப்போம். அங்கே அப்படிப் போட்டால் நான்கு பேர் மூச்சும் காலணியில் ஒட்டிய பனியும் சேர்ந்து கண்ணாடி முழுக்க ஆவி படியும். வெளிக்காற்று வரும்படி மாற்றுங்கள். பெட்ரோல் டாங்க் பாதிக்கு வந்தாலே நிரப்பிவிடுங்கள்.

மான்கள் குறுக்கே வருமாமே?

வரும். குறுக்கே வருவதோடு நிற்காது, சாலையையே தங்கள் நடைபாதையாக வைத்துக்கொண்டு முன்னால் ஓடிக்கொண்டும் இருக்கும். பின்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் நாலாயிரம் ரெயின்டீர் மான்கள் வாகனங்களில் அடிபட்டுச் சாகின்றன. நவம்பர், டிசம்பர் இருட்டில் அதிகம். ஒன்று தெரிந்தால் பின்னாலேயே கூட்டம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஹாரன் அடித்தால் அவை பெரிதாகச் சட்டைசெய்வதில்லை. மெதுவாக, பொறுமையாக.

அவை காட்டு விலங்குகள் அல்ல, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. இடித்துவிட்டால், மான் எழுந்து ஓடிவிட்டாலும்கூட, அவசர உதவி எண் 112க்கு அழைத்துச் சொல்லியாக வேண்டும். மூஸ் எனும் பெரிய மான் இனம் வேறு கதை. அது உயரம், இடித்தால் முன்கண்ணாடி வழியாக உள்ளே வந்து விழும் அளவுக்குக் கனம். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் இருட்டில் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டால்?

சுற்றுப்பயணிகளுக்கு நடக்கும் விபத்தில் பொதுவானது இதுதான். சாலையோரம் கெட்டியாகத் தெரியும், ஆனால் அது வெறும் பனி மூடிய வாய்க்கால். படம் எடுக்க ஓரம் கட்டுகிறேன் என்று திருப்பினால் ஒரு பக்கம் அப்படியே சாய்ந்துவிடும். பனி அகற்றிய நிறுத்துமிடங்களில் மட்டும் நிறுத்துங்கள்.

இறங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து இன்னும் ஆழமாக்காதீர்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் வைத்து, வாடகை நிறுவனம் கொடுத்த உதவி எண்ணுக்கு அழையுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தாலோ ஆபத்து என்றாலோ 112. அந்த நாட்டின் 112 செயலி வழியாக அழைத்தால் நீங்கள் நிற்கும் இடமும் சேர்ந்தே போய்விடும், கிளம்பும் முன்பே பதிவிறக்கி வையுங்கள். உதவி வரும்வரை காரைவிட்டு நடந்து போகக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுச் சூடு வாங்குவதாக இருந்தால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அது அடைத்துக்கொண்டால் நச்சுவாயு உள்ளே வரும், மணம் இருக்காது.

காரில் எப்போதும் இருக்க வேண்டியவை: போர்வை, ஃபிளாஸ்க்கில் சூடாக ஏதாவது, டார்ச், சிறு மண்வாரி, பிஸ்கட், கைபேசிக்கு மின்கலம். முறுக்கும் நன்றாக வேலை செய்யும், உறைந்தாலும் முறுக்கு முறுக்குதான்.

துருவ ஒளி நிச்சயம் தெரியுமா?

நிச்சயம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் துருவங்களை நோக்கி இழுக்கப்பட்டு, மேலே காற்றிலுள்ள ஆக்சிஜனிலும் நைட்ரஜனிலும் மோதும்போது வரும் ஒளி அது. நூறு கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாக ஒளிரும், இன்னும் மேலே சிவப்பு. துருவத்தைச் சுற்றி அந்த ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர் கீழேயே இனாரிப் பகுதி இருப்பதால், துருவ ஒளிச் செயலிகள் காட்டும் பல அளவு எண் குறைவாக இருந்தாலும் தெரிய வாய்ப்பு உண்டு. தடுப்பது மேகம்தான். ஆகவே சூரியப் புயலைத் தேடுவதைவிட மேகமில்லாத வானத்தைத் தேடுங்கள். சோடன்கூலாவில் 1913இல் தொடங்கிய புவியியற்பியல் ஆய்வகம் ஒன்று இன்றும் காந்தப்புல அளவீடுகளை எடுத்துவருகிறது. பின்லாந்து வானிலை ஆய்வு நிலையத்தின் இணையப் பக்கமும் துருவ ஒளிக்கு முன்னறிவிப்பு தருகிறது.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: மங்கலான நாளில் கண்ணுக்கு அது சாம்பல் நிற மேகம் போலத்தான் தெரியும். கைபேசியில் எடுத்தால் பச்சையாக வரும். "படத்துல இருக்கிற மாதிரி இல்லையே" என்று யாராவது முகம் சுளித்தால் காத்திருக்கச் சொல்லுங்கள். பலமாக வரும் நாளில் வானம் முழுக்கத் திரைச்சீலை ஆடுவதைக் கண்ணே பார்க்கும், கேமராதான் திணறும்.

ராத்திரி அதைத் துரத்திக்கொண்டு ஓட்டுவதாக இருந்தால் ஓட்டுபவர் வானத்தைப் பார்க்கக் கூடாது. தங்கும் குடிலையே தெருவிளக்கு இல்லாத இடத்தில் எடுத்துவிட்டால் துரத்த வேண்டிய வேலையே இல்லை.

என்ன உடுத்துவது?

ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை, நடுவே ஃபிளீஸ், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். பருத்தி பனியனை மறந்துவிடுங்கள். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நின்றவுடன் நடுக்கும். காலணி ஓர் அளவு பெரியதாக இருக்கட்டும், விரல் அசைய இடம் இல்லையென்றால் எத்தனை சாக்ஸ் போட்டும் பயனில்லை. கைக்கு விரல் பிரியாத உறைதான் சூடு. மிகக் கனமான வெளி உடுப்பை இங்கே வாங்க வேண்டாம். ரோவனியேமியிலும் சாரிசெல்காவிலும் வாடகைக்குக் கிடைக்கிறது, ஹஸ்கி, பனிமோட்டார் சவாரிக்காரர்கள் அவர்களே கொடுத்துவிடுவார்கள்.

மூக்கு நுனி, கன்னம், காது வெளுத்து மரத்துப்போகிறதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள், தனக்கே தெரியாது. நம் நிறத்தில் வெளுப்பு உடனே கண்ணில் படாமல் சாம்பல் பூத்தது போலவும் இருக்கலாம், ஆகவே தொட்டுக் கேளுங்கள். அப்படி ஆனால் வெதுவெதுப்பான உள்ளங்கையால் மூடிச் சூடேற்ற வேண்டும். பனியைத் தேய்ப்பது பழைய தவறான வைத்தியம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

குடிலில் சமையலறை இருக்கும்படி எடுங்கள். உணவகங்கள் குறைவு, விலை அதிகம், சீக்கிரமே மூடிவிடுவார்கள்.

இங்கிருந்து எடுத்துப் போவதில் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோக அனுமதி இல்லை. பக்வா, ரெண்டாங் போன்ற இறைச்சிப் பண்டங்கள், நெய் எல்லாம் இதில் அடங்கும். கறிவேப்பிலை மாதிரிப் பச்சை இலைகளுக்கும் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் வேண்டாம் என்று விலக்களிக்கப்பட்ட பழங்கள் ஐந்தே ஐந்து: அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, அப்புறம் டுரியான். சட்டப்படி டுரியானைக் கொண்டுபோகலாம். விமானத்தில் ஏற்றுவார்களா என்பது உங்கள் சாமர்த்தியம்.

மசாலாத் தூள், பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அரிசி இவற்றுக்குப் பிரச்சினை இல்லை. தேக்காவிலோ முஸ்தபாவிலோ ஒரு மாலை செலவழித்தால் முடிந்தது. சின்ன ரைஸ் குக்கர் ஒன்று எடுத்துப் போங்கள். அங்கும் 230 வோல்ட்தான், உருண்டை முள் அடாப்டர் மட்டும் வேண்டும். தயிர், முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், சால்மன் எல்லாம் சோடன்கூலா, இவலோ கடைகளில் கிடைக்கும். வெளியே சாப்பிடுவதானால் சால்மன் சூப் கேளுங்கள். பாலும் உருளைக்கிழங்கும் சேர்ந்து, கூடவே கறுப்பு ரொட்டி வரும். ஹலால் பார்ப்பவர்களுக்கு வடக்கே இறைச்சி கிடைப்பது கஷ்டம், மீனும் முட்டையும் நம்பியே திட்டமிடுங்கள். சைவர்களுக்கு உங்கள் குக்கர்தான் துணை.

மது அருந்துகிறவர்கள் கவனிக்க: ஓட்டுநருக்கான அளவு அங்கே 0.05 விழுக்காடு, இங்கே உள்ள 0.08ஐவிடக் குறைவு. நார்வேயில் 0.02. முந்தைய இரவு சானா என்னும் நீராவிக் குளியல் அறையில் நடந்த கொண்டாட்டம் காலையில் ரத்தத்தில் இருக்கும்.

இனாரியில் பார்க்க என்ன இருக்கிறது?

சீடா அருங்காட்சியகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். வடக்கின் பூர்வகுடிகளான சாமி இனத்தவரைப் பற்றியது. 2024இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியகம் என்ற விருதைப் பெற்றது. நமக்கு ஒரு விஷயம் கூடுதல் சுவாரசியம்: இனாரி நகராட்சிக்கும் நம்மைப் போலவே நான்கு அதிகாரத்துவ மொழிகள். ஃபின்னிஷ் ஒன்று, சாமி மொழிகள் மூன்று. ஏழாயிரம் பேருக்கு நான்கு மொழி! பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாலே பொழுது போகும். மூன்றில் ஒன்றான இனாரி சாமியைப் பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். குழந்தைகளை மழலையர் வகுப்பிலிருந்தே அந்த மொழியில் வளர்த்து அதை மீட்டுக்கொண்டு வருகிறார்கள். இங்கே வீட்டில் தமிழ் பேச வைக்கப் படும்பாடு தெரிந்தவர்கள் அந்தப் பகுதியில் கொஞ்ச நேரம் நிற்பார்கள்.

மான் வளர்ப்பவரைச் சந்தித்தால் "உங்களிடம் எத்தனை மான்?" என்று கேட்காதீர்கள். வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பது மாதிரி. பாரம்பரிய உடையில் இருப்பவரைக் கேட்காமல் படம் எடுப்பதும் வேண்டாம்.

உறைந்த ஏரியில் நடப்பது நன்றாக இருக்கும், ஆனால் ஊர்க்காரர்களின் பனிமோட்டார்த் தடம் இருக்கும் இடத்தில் மட்டும். ஆறு வந்து சேரும் வாய், குறுகலான நீரிணை, பாலத்தடி இங்கெல்லாம் ஐஸ் மெலிதாக இருக்கும்.

அப்படியே நார்வேக்குள் போய் வடகோடி முனையான நோர்ட்காப் பார்த்துவிடலாமா?

முதல் பயணத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. குளிர்காலத்தில் நோர்ட்காப்புக்கான கடைசிப் பகுதியில் தனியாக ஓட்ட முடியாது. குறிப்பிட்ட நேரத்தில் பனிவண்டி ஒன்று முன்னே செல்ல, கார்கள் வரிசையாகப் பின்தொடர வேண்டும்; காற்று பலமாக இருந்தால் அதையும் ரத்து செய்துவிடுவார்கள். அங்கே போய்க் காத்திருந்து திரும்பும் நாள்களில் இனாரியில் நிம்மதியாக இருக்கலாம். வாடகை ஒப்பந்தம் எல்லை தாண்ட அனுமதிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நண்பர்களுக்குள் சண்டை வராமல் இருக்க?

வரும். எதைப் பற்றி வரும் என்பதை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டால் சுருக்கமாக முடியும். இரண்டு பேர் ஓட்டுவது, அவர்கள் பெயரை ஒப்பந்தத்தில் சேர்ப்பது. மற்றவர்களுக்கு ஸ்டீயரிங் கிடையாது, எவ்வளவு கெஞ்சினாலும். இழப்பு ஏற்பட்டால் காப்பீட்டில் நாம் கட்ட வேண்டிய பங்கு யார் ஓட்டியிருந்தாலும் எல்லாருக்கும் சமம் என்று கிளம்பும் முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஓட்டியவர் தலையில் விழும் என்ற பயம் இருந்தால் யாரும் நிதானமாக ஓட்டமாட்டார்கள்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. காரில் இருக்கும் யாராவது ஒருவர் "போதும், நிறுத்தலாம்" என்றால் வண்டி அடுத்த நிறுத்துமிடத்தில் நிற்கும். வாக்கெடுப்பு இல்லை, கேலியும் இல்லை. ஓட்டுகிறவரைவிடப் பின்சீட்டில் இருப்பவருக்குத்தான் ஓட்டுகிறவரின் களைப்பு முதலில் தெரிகிறது. வந்திறங்கிய முதல் நாள் யாரும் ஓட்டக் கூடாது என்பதும் இதில் சேர்த்தி. ஆறு மணி நேர வித்தியாசம், அதற்குமேல் நீண்ட விமானப் பயணம். ரோவனியேமியில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து காரை எடுங்கள்.

அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

நடக்கக்கூடியவர்கள் என்றால் தாராளமாக. வழுக்குவதுதான் பெரிய பயம், காலணிக்கு அடியில் மாட்டும் ரப்பர் முள்பட்டை வாங்கிக் கொடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தைக் காரில் விட்டுவிட்டு இறங்கக் கூடாது, உறைந்தால் வீண். சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்காற்று இழுப்பைக் கிளப்பும், மூக்கையும் வாயையும் துணியால் மூடி மூச்சுவிடச் சொல்லுங்கள். கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கைபேசி வேலை செய்யுமா?

பிரதான சாலையில் பெரும்பாலும் சிக்னல் இருக்கும். குளிரில் மின்கலம் திடீரென்று இறங்கிவிடும், உள்பையில் வையுங்கள். வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை வெளியிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவரும் முன் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள், ஈரம் பையின் மேல் படியும், லென்ஸ் தப்பும்.

காரைத் திருப்பிக் கொடுக்கும்போது?

கடைசி இரவு விமான நிலையம் இருக்கும் ஊரிலேயே தங்குங்கள். வடக்கே தங்கிவிட்டு அன்றே ஓட்டிவந்து விமானம் பிடிப்பது, நான் மேலே சொன்ன கழுத்துக் கெடுவிலேயே மோசமானது. எடுக்கும்போது கார் பனியும் சேறுமாக இருந்திருக்கும், கீறல் எதுவும் தெரிந்திருக்காது. அதனால் எடுக்கும் அன்றே துடைத்து நான்கு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள், முன்கண்ணாடியைத் தனியாக எடுங்கள், சாலையில் தூவும் சரளைக்கல் தெறித்து விழும் சிறு புள்ளிக்குக்கூடப் பணம் கேட்பார்கள். திருப்பும்போதும் அதேபோல. டாங்கை நிரப்பிய ரசீது, சுரண்டி, மின்கம்பி மூன்றும் காரில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்கம்பி காணாமல் போனால் அதற்குத் தனிக் கட்டணம்.